எங்கள் வீட்டுக்கு வராத வாழ்த்துகள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்ன இடம் கிடையாது. கூடம் முழுக்கப் பொங்கல் வாழ்த்து அட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும். ஒன்றை மிதித்துவிட்டாலும் அம்மா உயிரை எடுத்துவிடுவாள். அடுப்படி வாசலில் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே தின்பேன், திட்டிக்கொண்டே தின்பேன். அப்போது எனக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். இந்தப் பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்று காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே சொல்லும். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், வாய் இருந்ததால்தான் பிழைத்தேன்.

அப்பா நெசவுக்கு அட்டை குத்துகிறவர். பட்டுப் புடவையின் கரையில் ஒரு மயில் வர வேண்டுமானால், முதலில் அந்த மயிலைக் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். பிறகு அந்தக் கட்டங்களைப் பார்த்துப் பார்த்து நீளமான அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகக் குத்த வேண்டும். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால்தான் கீழே மயில் இறங்கும். குத்தும்போது ஓர் ஓட்டை தப்பினாலும் அந்த அட்டை வீண். அப்படி வீணாய்ப் போனவற்றைத்தான் அம்மா பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்வாள்.

அந்த அட்டையில் கரும்பு, சூரியன், மாட்டுக்கொம்பு என்று பிளேடால் உருவம் வெட்டி, மற்ற ஓட்டைகளைத் தாள் ஒட்டி அடைத்து, சாயம் ஊறாமலிருக்க மெழுகை உருக்கித் தடவி வைப்போம். வெள்ளை அட்டையின் மேல் அதை வைத்து, பழைய பல் பிரஷ்ஷைச் சாயத்தில் தோய்த்துச் சீப்பின் மேல் இழுத்தால் பொடிப்பொடியாகத் தெறிக்கும். அட்டையை எடுத்தால் அடியில் கரும்பு நிற்கும். சாயமெல்லாம் சாயப் பட்டறையில் மிஞ்சியதுதான், அரக்கும் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும். தேய்ந்துபோன ரப்பர் செருப்பின் அடியில் 'பொங்கலோ பொங்கல்' என்று தலைகீழாகச் செதுக்கி முத்திரை குத்துவோம். எல்லாவற்றுக்கும் மேலே பானை. கொல்லன் பட்டறையில் இரும்புப் பட்டையைப் பானை உருவத்துக்கு வளைத்து, ஒரு பக்கம் கூர் வைத்து வாங்கியிருந்தார் அப்பா. புளிய மரக்கட்டையின் மேல் அட்டையைப் போட்டு, அதன் மேல் அந்த வெட்டச்சை வைத்து மரச்சுத்தியால் ஒரே போடு. பானை மாதிரி ஜன்னல் விழும். உள்பக்கம் தங்கத்தாளை ஒட்டி, ஓரத்தில் பசை தொட்டு, அறுந்த சரிகைத் துணுக்கைத் தூவினால் முடிந்தது.

கடையில் மெட்ராஸிலிருந்து அச்சடித்து வந்த வாழ்த்துகள் கிடைக்காமல் இல்லை. இருந்தாலும் எங்கள் தெருக்காரர்களுக்கு அம்மாவின் அட்டைதான் வேண்டும். வாலாஜாபாத்தில் இருக்கும் சம்பந்திக்கு, ஐயம்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு என்று வந்து வாங்கிப் போவார்கள். இதில் ஒரு கூத்து என்னவென்றால், எதிரெதிர் வீட்டுக்காரர்கள்கூட ஒருவருக்கொருவர் தபாலில்தான் வாழ்த்து அனுப்புவார்கள். கையை நீட்டினால் எட்டும். ஆனாலும் தபால்காரர் வாசலில் நின்று மணியடித்துக் கொடுத்தால்தான் அது வாழ்த்து. எங்களிடம் அட்டையை வாங்கி எங்களுக்கே அனுப்புவார்கள். அம்மா தான் செய்த அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்து, "எம்மாம் அழகா அனுப்பியிருக்காங்க பாரேன்" என்பாள். எனக்குச் சிரிப்பு தாங்காது.

அட்டை விற்பதில் அம்மாவுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருஷம் பொங்கல் கிடையாது, பானை வைக்க மாட்டார்கள், அந்த வீட்டுக்கு யாரும் வாழ்த்தும் அனுப்ப மாட்டார்கள். தெரியாமல் அனுப்பிவிட்டால் அவர்கள் துக்கத்தைக் கேலி செய்த மாதிரி ஆகிவிடும், அதனால் பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்களே உண்டு. வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாள்: "அனுப்புற வீட்ல இந்த வருஷம் ஒண்ணும் இல்லியே?" தான் செய்த அட்டை ஒரு சாவு வீட்டுப் படியேறக் கூடாது என்பதில் அவ்வளவு உறுதி.

நான் சொல்லவந்த வருஷத்தில் என் அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். அந்தக் கார்த்திகைக் கடைசியில் யுத்தம். டீக்கடை ரேடியோவைச் சுற்றி எப்போதும் கூட்டம். அம்மா ரேடியோ கேட்கப் போக மாட்டாள். மார்கழி பிறக்கும் முன்பே முதல் அட்டையை வழக்கம்போல அண்ணனுக்குத்தான் செய்தாள், பட்டாள விலாசத்தை என்னை எழுதச் சொல்லி அனுப்பினாள். பிறகு யுத்தம் முடிந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்றார்கள், தெருவில் வெடி வெடித்தார்கள். அண்ணனிடமிருந்து ஒரு வரி இல்லை.

"ஜெயிச்சவங்களுக்குக் கடுதாசி எழுத நேரம் இருக்குமா? சாவகாசமா எழுதுவான்" என்றார் அப்பா.

"எழுதுவான்" என்றாள் அம்மா. அவள் குரலில் பிடிப்பில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் அவள் கையிலிருக்கும் பிரஷ் நின்றுவிடும், அந்த இடத்தில் மட்டும் சாயம் திட்டாக விழும். அந்த வருஷ அட்டைகள் பலவற்றில் அப்படி ஒரு திட்டு இருந்தது. 

ஒரு நாள் காலை அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மாகறல் வரைக்கும் போய்வருகிறேன் என்று கிளம்பினார். எதற்கு என்று கேட்டதற்கு, கட்டை பார்க்க என்றார். வெட்டச்சுக்கு அடியில் வைக்கும் மரக்கட்டை தேய்ந்துபோயிருந்தது வாஸ்தவம்தான். சாயங்காலம் கட்டை இல்லாமல் திரும்பிவந்தார். அங்கே என்ன நடந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும், இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணனோடு ஒரே பட்டாளத்தில் இருந்த மாகறல் பையன் ஒருவன் காலில் காயத்தோடு ஊருக்கு வந்திருந்தான். அது எப்படியோ எங்கள் தெரு டீக்கடைக்கு எட்டி, அங்கிருந்து அப்பா காதுக்கு வந்திருக்கிறது. அப்பா போய் அவன் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஆற்றைக் கடக்கும்போது அண்ணன் தன் கண்ணெதிரே விழுந்தான் என்று அவன் சொல்லிவிட்டான்.

அப்பா தெருமுனைக்குத் திரும்பியதும் சைக்கிளை நிறுத்தி, டீக்கடையில் இருந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டாராம். "சர்க்கார் தந்தி வர்ற வரைக்கும் அவ காதுல போட்டுடாதீங்கபா. அந்தப் பையன் பார்த்தது தப்பாக்கூட இருக்கும். தந்தி வரட்டும்." அன்றே அது வீட்டுக்கு வீடு போயிற்று. எங்கள் தெரு வம்புக்குப் பேர்போன தெரு. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட மறைக்க முடியாது. அந்தத் தெரு வாயைக் கட்டிக்கொண்டது. ஒருத்தி, ஒருத்தன் மூச்சு விடவில்லை. 

அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. அப்பா கட்டை வாங்காமல் வந்தார் என்று மட்டும் கோபம். வந்தவர் முகம் கழுவிவிட்டு வெட்டச்சை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுத்தி இறங்கிய வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த முறம் ஆடியது. நான் தங்கத்தாள் ஒட்டுவதற்காக அந்த அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். பானைகளெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. எல்லா அட்டையிலும் வாய் கீழே, அடி மேலே.

"இன்னாப்பா இது? பானையைக் கவுத்துப் போட்டுக்கினு இருக்க?" என்று கத்தினேன். "இதை எவன் வாங்குவான்?"

அப்பா அட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா எழுந்து வந்து, கவிழ்ந்த பானைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அடுப்பில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக ஓர் அட்டை வீணானாலே ஊரைக் கூட்டுகிறவள், அன்றைக்குத் திட்டவே இல்லை. 

பொங்கலுக்கு முந்திய வாரம் வாழ்த்துகள் வர ஆரம்பித்தன. தபால்காரருக்குப் பை கொள்ளாது, சைக்கிள் ஹாண்டில்பாரில் இன்னொரு பையை மாட்டிக்கொண்டு வருவார். மணி பக்கத்து வீட்டில் அடிக்கும். பிறகு எதிர்வீட்டில் அடிக்கும். எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் அவர் வேகமாக மிதிப்பார், முகத்தைத் தெருவின் அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொள்வார். முதல் நாள் நான் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் கவனித்தேன். அதற்கப்புறம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் அட்டை செய்து கொடுப்பது நாங்கள், எங்களுக்கு ஒன்று அனுப்ப இந்த ஊரில் ஒருத்தருக்கும் கை வரவில்லையா?

எதிர்வீட்டில் ஒரு தெலுங்குக்கார அம்மா இருந்தார். தறிக்குப் பாவு நூல் சுற்றுகிற குடும்பம். வருஷா வருஷம் எங்களுக்கு வரும் முதல் வாழ்த்து அவருடையதுதான். ஒரு காலை அவர் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது நேராகப் போய் நின்றேன்.

"இன்னாமா, எங்க வீட்டுக்கு மட்டும் ஸ்டாம்பு கெடைக்கலியா? இல்ல, இந்த வருஷம் எங்க மூஞ்சி புடிக்கலியா?"

அவர் கையிலிருந்த கோலமாவு அப்படியே கொட்டியது. "அம்மாயி..." என்றார், அவர் பாஷையில் 'பெண்ணே' என்று.  முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பட்டப்பகலில் நடுத்தெருவில் நின்றேன். ஒரு வாழ்த்து அட்டைக்கு ஏன் இந்த அழுகை? ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லத்தான் திரும்பினேன். அம்மா எங்கள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. கடைசி நேரத்தில் அட்டை வாங்க ஒரு பெண் வந்தாள், அடுத்த தெரு நெசவுக்காரர் மருமகள். அம்மா அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

"அனுப்புற வீட்ல இந்த வருஷம் ஒண்ணும் இல்லியே?"

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மாவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், சுவரில் மாட்டியிருந்த அண்ணன் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொள்கிறாள். "இல்லக்கா, அங்க ஒண்ணும் இல்ல" என்று முணுமுணுத்துவிட்டு, வாங்க வந்த அட்டையைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

அம்மா அந்த அட்டையைத் திரும்ப அடுக்கில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். யார் வீட்டுக்கு வாழ்த்து போகலாம், யார் வீட்டுக்குப் போகக் கூடாது என்று இத்தனை வருஷமாக ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அவளுக்கா விளங்காது? தெரு வாயைத்தான் கட்டிக்கொண்டது. துக்கம் விழுந்த வீட்டுக்கு எப்படி வாழ்த்து எழுதுவது என்று கை வராமல் போய்விட்டது. எப்போதும்போல நாலு அட்டையை அனுப்பியிருந்தால் அம்மாவுக்குச் சந்தேகமே வந்திருக்காது. அதைச் செய்ய ஒருத்தருக்கும் மனம் ஒப்பவில்லை.

போகிக்கு முந்திய நாள் மத்தியானம். அப்பா வெளியே போயிருந்தார். அம்மா என்னைக் கூப்பிட்டு ஓர் அட்டையைக் கொடுத்தாள்.

"நம்ம வீட்டு விலாசத்தை எழுது."

"நமக்கு நாமே வாழ்த்தா? பைத்தியம் புடிச்சுக்கிச்சா உனக்கு?"

"எழுதுடி."

"யார் அனுப்புறதுன்னு எழுத?"

"பேரு வேணாம். பொங்கல் வாழ்த்துன்னு மட்டும் போடு."

எழுதினேன். உறையை ஒட்டாமல் புக் போஸ்ட் என்றும் எழுதித் தபால்தலை ஒட்டிக் கொடுத்தேன். அப்போதுதான் சொன்னாள். "எல்லாரும் மறந்துட்டாங்கன்னே வெச்சுக்குவோம். மறதி யாருக்கு இல்ல? போஸ்ட்மேனுக்கு இன்னா, அவரு விலாசத்தைப் பாத்துக் குடுக்குறவரு. நாளைக்கு இதைக் கொண்டாந்து குடுத்துட்டாருன்னா, நான் நெனச்சதெல்லாம் தப்பு. உங்கண்ணன் நல்லாக்கீறான்."

"குடுக்கலன்னா?"

அம்மா அட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.  தெருமுனைத் தபால் பெட்டிவரைக்கும் அவள் கூடவே நடந்தேன். டீக்கடையில் பேச்சு நின்றுபோனது. அட்டை விழும் சத்தம் கேட்கும்வரை அம்மா பெட்டியின் வாயிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். வழி நெடுக எனக்கு ஒரே பிரார்த்தனை: அந்தச் சாயத்திட்டு விழுந்த அட்டை எங்கேயும் தொலையாமல் வந்து சேர வேண்டும். காஞ்சிபுரத்தில் இருக்கிற கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். ஒரு தபாலுக்காக நான் அதற்கு முன்னும் வேண்டியதில்லை, பின்னும் வேண்டியதில்லை.

போகியன்று காலை தெரு முழுக்கப் பழைய பாய் எரிந்த புகை. அம்மா குளித்து, வாசல் தெளித்து, கோலம் போடாமல் நின்றாள். அப்பா உள்ளே தட்டுமுட்டுச் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் அட்டையைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை. மணிச் சத்தம் தெருமுனையில் கேட்டது. ஒவ்வொரு வீடாக நெருங்கியது. பக்கத்து வீட்டில் தபால்காரர் ஒரு கத்தை கொடுத்தார். எதிர்வீட்டில் கொடுத்தார். பிறகு பெடலில் காலை வைத்து அழுத்தினார்.

அம்மா தெருவில் இறங்கி, சைக்கிளுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"தம்பி, நமக்கு?"

"இல்லக்கா." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லாப் பாரு, தம்பி."

"பாத்துட்டேன்கா. உங்க வீட்டுக்கு ஒண்ணும் இல்ல."

"நேத்து நான்தான் போட்டேன்" என்றாள் அம்மா. "என் கையாலதான் பெட்டியில போட்டேன்."

தபால்காரர் சைக்கிளை விட்டுவிட்டார். அது சாய்ந்து, பையிலிருந்த வாழ்த்துகளெல்லாம் தெருவில் கொட்டின. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை. காக்கிச் சட்டைக்குள் கையை விட்டு, பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகி வைத்திருந்த எங்கள் அட்டையை வெளியே எடுத்தார். வியர்வையில் ஓரத்து அரக்குச் சாயம் கசிந்து அவர் விரலில் ஒட்டியிருந்தது.

"எவனோ வெவரம் தெரியாதவன் அனுப்பிட்டான்னு நெனச்சேன்கா" என்றார். "உங்க கண்ணுல பட்டா நீங்க தாங்க மாட்டீங்கன்னு... கிழிச்சுப் போட்டுடலாம்னுதான்... கிழிக்கவும் மனசு வரலக்கா." பெரிய மனுஷன், நடுத்தெருவில் குழந்தை மாதிரி அழுதார்.

அம்மா அட்டையை வாங்கிக்கொண்டாள். சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். சாய்ந்து கிடந்த சைக்கிளைப் பார்த்தார், அம்மா கையிலிருந்ததைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாகறல் போனியே, அன்னிக்கே தெரியுமா உனக்கு?" என்று அம்மா கேட்டாள். அப்பாவை அவள் ஒருமையில் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அப்பா ஆமென்று தலையை ஆட்டினார்.

"இத்தினி நாளும் தனியாவா வெச்சுக்கினு இருந்த?"

அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் அம்மாவைப் பிடித்தேன், அவள் கீழே விழுந்துவிடுவாள் என்று பயந்து. அவள் விழவில்லை. நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லா வாசலிலும் ஆட்கள். ஒருவரும் படியிறங்கவில்லை. அவர்கள் அழக்கூட இல்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அப்போதும் அவர்களைக் கட்டிப் போட்டிருந்தது.

அம்மா குரலை உயர்த்தினாள். எனக்கு இன்றைக்கும் அந்தக் குரல்தான் காதில் கேட்கிறது.

"இன்னும் இன்னாத்துக்கு அங்கியே நிக்கிறீங்க? என் புள்ள செத்துட்டான். வாங்க, வந்து அழுங்க."

எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மாதான் முதலில் வாய்விட்டு அலறிக்கொண்டு தெருவைக் கடந்து ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் தெருவே வந்தது.